யாரும் ‘சரிங்கய்யா’ சொல்லாத பெரட்டு

மூங்கிக்காட்டு ரப்பர் தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பெரட்டு. ஆபீசுக்கு முன்னால் உள்ள செம்மண் திடலில் இருநூறு பேர் வரிசையாக நிற்பார்கள். ஆபீஸ் எழுத்தரான பெரிய கிராணி சாமிநாதன் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுவது என்று பிரித்துவிடுவார். கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் அவசரகாலம் வந்ததிலிருந்து அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. மலாக்கா டவுனிலிருந்து வரும் அரசாங்க நோட்டீசைத் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார்.

“எல்லாருக்கும் வெளங்குச்சா?”

“சரிங்கய்யா!” என்று இருநூறு தொண்டையும் ஒன்றாகக் கத்தும்.

விளங்கியதா என்று கேட்டால் சரி என்பது பதிலே இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் அதுதான் பதில். முன்பு ஒருவன் வாய்க்கொழுப்பில், “வெளங்கலீங்க” என்று சொல்லித் தொலைத்தான். மறுநாளிலிருந்து ஒரு மாதம் அவனுக்கு மேட்டுக்காடு. அட்டைக்கடி வேறு, பால் வாளியோடு சரிவில் இறங்கி வருவதற்குள் முட்டி கழன்றுவிடும். அதைப் பார்த்த பிறகும் கேள்வி கேட்க யாருக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? விளங்கினாலும் சரிங்கய்யா, விளங்காவிட்டாலும் சரிங்கய்யா.

1952-ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு காலை கிராணி படித்த நோட்டீஸ் இது: “இதனால் சகலமானவர்க்கும் பிரசித்தப்படுத்துவது யாதெனில், பக்குவம் செய்யப்பட்டதாயினும் செய்யப்படாததாயினும் யாதொரு போஜன பதார்த்தத்தையும், நிர்ணயிக்கப்பெற்ற அரணுக்கு அப்பால் ஏகும் எவரும் தம்வசம் கொண்டிருத்தல் கடுந்தண்டனைக்குரிய குற்றமாகும்.”

கிராணிக்கே பாதிக்கு மேல் விளங்கியிருக்காது. விஷயம் என்னவோ சின்னதுதான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது, அதனால் சோறோ அரிசியோ தோட்டத்துக் கம்பிவேலியைத் தாண்டக் கூடாது. அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை அலங்காரம்.

முன்வரிசையில் நின்ற அங்கமுத்து எல்லாரையும்விடப் பலமாகச் சரிங்கய்யா போட்டான். மறுநாள் காலை வழக்கம்போலத் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினான். அன்றைக்கென்று போலீஸ் சோதனை. தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்கள், லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கமுத்துவின் அக்கா பாக்கியலட்சுமி தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. முப்பத்தாறு வயது, தமிழ்ப்பள்ளியில் ஏழாவது வரை படித்தவள், ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஒட்டிக்கொண்ட கொஞ்சம் இங்கிலீஷும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் போடப் போனவர் திரும்பவில்லை. அம்மாவும் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு தம்பிக்கு அவள்தான் எல்லாம். அவனுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துப்போட்டு ஆளாக்கியவள். அவனைக் கைவிலங்கோடு பார்த்த அன்று அவள் அழவில்லை. அப்படி ஒரு கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அங்கமுத்துவின் ஆட்சேபணையை மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி விசாரிக்கும். தள்ளுபடியானால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அங்கமுத்து பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில். நாகப்பட்டினம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அரசாங்கத்தின் பக்கத்தில் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. நோட்டீஸ் தமிழில் படிக்கப்பட்டது, விளங்கியதா என்று கேட்கப்பட்டது, அங்கமுத்து சரி என்றான். ஆகவே தெரிந்தே செய்த குற்றம்.

பாக்கியலட்சுமி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் யோனைட்டிஸ் வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. லித்துவேனியா என்று ஒரு சின்ன நாடு. யுத்தத்தில் ரஷ்யாக்காரன் பிடித்துக்கொண்ட பிறகு அகதி முகாமில் கிடந்து, யாரும் வர மறுத்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவர். அவருடைய இங்கிலீஷ் அரை, பாக்கியலட்சுமியின் இங்கிலீஷ் அரை. இரண்டையும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரியை நடத்திவந்தார்கள்.

“டாக்டர், என் தம்பிக்கு அந்த நோட்டீஸ் புரியல. யாருக்குமே புரியல. ஆனா சரின்னு சொல்லிட்டாங்க,” என்றாள்.

டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசின் தமிழையும் அதன் இங்கிலீஷ் மூலத்தையும் வாங்கி மேசையில் வைத்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் நாலு வரி. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தம் அம்மா கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

“எங்கள் மொழியை எங்கள் எழுத்தில் அச்சடிக்கக் கூடாது என்று ரஷ்ய ராஜா நாற்பது வருஷம் தடை போட்டிருந்தான். என் அப்பா கோட்டுக்குள்ளே புத்தகத்தைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டுவார். பிடிபட்டால் சைபீரியா. தடை எடுத்தார்கள், நாடும் விடுதலை ஆனது. அப்புறம் எங்களுக்குள்ளேயே சண்டை. எந்த ஊர்ப் பேச்சில் எழுதுவது? கடைசியில் தென்மேற்குப் பக்கத்துப் பேச்சை அடிப்படையாக எடுத்தார்கள். எல்லா ஊருக்கும் காகிதம் அனுப்பி, இதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள் என்று குடியானவர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். என் அம்மா வடமேற்கு மூலை. புதுப் பொதுமொழியைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.”

“அப்புறம்?”

“ஒரு நில வழக்கு. ரஷ்யாக்காரன் காலத்தில் என்றால் ஜட்ஜ் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து சரி என்பாள். இந்த முறை ஜட்ஜ் பொதுமொழியில் படித்தார். அம்மா எழுந்து நின்றாள். ‘ஐயா, நீங்கள் படித்தது தப்பு. ஓடை எங்கள் பக்கம்’ என்றாள். புரிந்ததால்தான் தப்பு என்று சொல்ல முடிந்தது.”

பாக்கியலட்சுமி அந்தத் தமிழ் நோட்டீசைக் கையில் எடுத்தாள். தன் கோபம் யார்மேல் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. போலீஸ்மேல் அல்ல, தம்பிமேல் அல்ல. அந்தச் சரிங்கய்யாமேல். அதை உண்டாக்கிய நோட்டீஸ்மேல்.

“நான் அதைத் திருப்பி எழுதுறேன் டாக்டர்,” என்றாள்.

சொல்வது சுலபம். முதல் நாள் எழுதியதை முத்தாயியிடம் படித்துக் காட்டினாள். முத்தாயி திருநெல்வேலிப் பக்கம், உடனே தலையாட்டினாள். சேலத்துப் பெத்தம்மாளிடம் படித்தாள். பெத்தம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்காக மாற்றியதைத் தோட்டத்துக் கடைக்கார யூனுசின் மனைவி ஹமீதாவிடம் கொண்டுபோனாள். கடையநல்லூர்க்காரியான ஹமீதா, “இது என்ன பாஷை, பாக்கியம்?” என்றாள். மூன்று பேருமே தமிழ்தான் பேசினார்கள், ஆனால் ஆளுக்கொரு தமிழ்.

பாக்கியலட்சுமி விடவில்லை. பிரசவம் இல்லாத மத்தியானங்களில் மூவரையும் ஹமீதாவின் கடைப் பின்கட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்று தலையும் ஆடினால் வரி நிற்கும், ஒரு தலை ஆடாவிட்டாலும் அடித்துவிடுவாள். கூடவே ஒரு கட்டளையும் போட்டிருந்தாள்: “எனக்காவத் தலையாட்டாதீங்க. புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. மேட்டுக்காடு கிடையாது.” முதலில் கூசினார்கள். பிறகு முத்தாயிக்கு அதில் ருசி கண்டுவிட்டது. புரிந்ததற்கெல்லாம்கூடப் புரியவில்லை என்று சொல்லிப் பாக்கியத்தின் உயிரை வாங்கினாள்.

கடைசியில் நின்றது இரண்டே வரி. ‘சமைத்த சோறு, அரிசி, வேறு எந்தச் சாப்பாட்டுப் பொருளானாலும் கம்பிவேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் ஜெயில்.’

அதையும் வைத்து டாக்டர் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் இங்கிலீஷ் அவ்வளவு மோசமாக இருந்ததால் கமிட்டித் தலைவர் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. அதுவே நல்லதாகப் போயிற்று. ஒரு தடவை படித்திருந்தால் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். தலைவர் பழைய தோட்டத் துரை. முன்கோபி, ஆனால் நேர்மையான மனுஷர். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு நேரிலேயே வந்து சோதித்துப் பார்ப்பதாகப் பதில் போட்டார். அங்கமுத்துவின் விசாரணை அடுத்த செவ்வாய்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கியவர்களில் கணேசமூர்த்தியும் இருந்தார். அந்த நோட்டீசுகளையெல்லாம் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர் அவர்தான். வெள்ளை முழுக்கால் சட்டை, கோட்டு, சந்தனப் பொட்டு. அவருடைய தமிழை டவுன் சங்கக் கூட்டங்களில் கைதட்டிக் கேட்பார்கள். பாக்கியலட்சுமி எழுதிய இரண்டு வரியைப் பார்த்ததும் அவர் முகம் கசாயம் குடித்தது போலாயிற்று.

“அரசாங்க அறிவிப்பைக் கொச்சையிலயா எழுதுறது? நாளைக்கு நம்ம மொழியை யாரும்மா மதிப்பாங்க?”

“கொச்சைன்னா முத்தாயி ஊருப் பேச்சு பெத்தம்மாளுக்குப் புரியாது சார். இது ரெண்டு பேருக்கும் புரியும். ஹமீதாவுக்கும் புரியும். அப்புறம் எப்படிக் கொச்சையாவும்?”

தலைவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடுத்த வாரம் அமலுக்கு வரப்போகும் புதிய விதி, இன்னும் யாருக்கும் தெரியாது. கடையில் விற்கும் எந்த டின்னையும் கடைக்காரரே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னைக் காட்டில் பதுக்கிவைக்க முடியாது என்பது கணக்கு. கணேசமூர்த்தி ஒரு தமிழ் எழுதட்டும், மருத்துவச்சி ஒரு தமிழ் எழுதட்டும், இரண்டையும் படிப்போம், விஷயத்தை ஜனங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்றார் தலைவர். மேனேஜர் துரை முகத்தைச் சுளித்தார். பால் வெட்டுக்கு நேரமாகிறதே என்ற கவலை அவருக்கு.

கணேசமூர்த்தி நின்றபடியே பத்து நிமிடத்தில் எழுதிவிட்டார். பாக்கியலட்சுமி ஆபீஸ் வராந்தாவில் மூன்று பெண்களை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காவல் நிற்க, அரைமணி நேரம் அடித்து அடித்து எழுதினாள். ஹமீதாவுக்கு விஷயம் தெரிந்ததும் பகீரென்றது. டின் விற்பவளே அவள்தானே. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் கணேசமூர்த்தியின் தாள். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ‘உலோகக் கலங்களில் அடைக்கப்பெற்ற சரக்குகள்’ என்று ஆரம்பித்து, ‘துவாரமிடப்பெற்ற பின்னரே கிரயம் செய்யப்பெறும்’ என்று முடிந்தது.

“எல்லாருக்கும் வெளங்குச்சா?”

“சரிங்கய்யா!”

திடலே அதிர்ந்தது. தலைவர் திருப்தியாகத் தலையசைத்தார். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்கச் சொன்னார். கணேசமூர்த்தி கேட்டார். ஒரு ஈ காக்கை வாய் திறக்கவில்லை. தலைவர் முன்வரிசையில் நின்ற இருளாண்டியைக் கைகாட்டி, நோட்டீஸ் என்ன சொன்னது என்று கேட்கச் சொன்னார்.

இருளாண்டி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “ஏதோ நம்ம நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க தொரை,” என்றான் பவ்யமாக.

தலைவர் கண்ணைச் சுருக்கினார். ஆனால் ஒருவனை வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்த தாளைப் படிக்கச் சொன்னார்.

பாக்கியலட்சுமி படியில் ஏறி நின்றாள். பிரசவ வேதனையில் கத்தும் பெண்களை அதட்டிப் பழகிய குரல் அவளுடையது. ஆனால் அன்று அதற்குள் ஆயிரம் பயம். நோட்டீஸ் புரியாமல் போகுமோ என்பதல்ல. புரிந்தும் பழக்கதோஷத்தில் சரிங்கய்யா போட்டுத் தொலைத்துவிடுவார்களே என்பதுதான். ஜீப் நிற்கிறது, துப்பாக்கியோடு போலீஸ் நிற்கிறது, நாலு துரைமார் நிற்கிறார்கள். இவ்வளவு பேர் முன்னால் யார் வாயைத் திறப்பார்கள்? இவர்கள் சரிங்கய்யா என்றால் தம்பி கப்பலேறிவிடுவான்.

“வர்ற திங்கட்கிழமையிலிருந்து,” என்று படித்தாள், “கடையில் டின் சாமான் வாங்கினால், கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். மீன் டின், பால் டின், எல்லா டின்னும். ஓட்டை போடாத டின்னைக் கடையில் விற்கவும் கூடாது, நீங்கள் வாங்கவும் கூடாது. மீறினால் இரண்டு பேருக்கும் தண்டனை.”

முடிந்தது. கிராணி வழக்கப்படி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எல்லாருக்கும் வெளங்குச்சா?”

இருநூறு பேரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மூச்சு எதற்கு என்று பாக்கியலட்சுமிக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

“அக்கா,” என்றது ஒரு மெல்லிய குரல். பின்வரிசையில் சுசீலா, இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. பாக்கியலட்சுமியின் கையில் பிறந்த குழந்தைதான் அது. “அக்கா, பால் டின்னுலயுமா ஓட்டை போடுவாங்க?”

“ஆமா சுசீலா.”

“எனக்குப் பால் இல்லக்கா. புள்ளைக்கு டின் பால்தான். ஒரு டின் நாலு நாளைக்கு வச்சிருப்பேன். கடையிலேயே ஓட்டை போட்டா வூட்டுக்குப் போறதுக்குள்ள எறும்பு மொய்க்குமே. புள்ளைக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?”

அவ்வளவுதான். அடுத்த நொடி திடல் திடலாக இல்லை, சந்தைக்கடைப் பாசார் ஆகிவிட்டது.

“மீன் டின்னு சாயங்காலத்துக்குள்ள நாறிடும்லா!”

“சம்பளத்தன்னிக்குத்தானே வாங்கி வைக்க முடியும்? தெனம் ஒரு டின்னு வாங்கக் காசு யாரு குடுப்பா?”

“ஓட்டை போட்டுத்தர எங்க வூட்டுக்காரரு என்ன ஆசாரியா?” இது ஹமீதா. பாவம், அரைமணி நேரமாக அடக்கிவைத்திருந்தாள்.

இருளாண்டி சும்மா இருப்பானா? சற்றுமுன் பூனையாக நின்றவன் இரண்டடி முன்னால் வந்துவிட்டான். “தொரை! நான் நாய் மார்க் மீன் டின்னு நாலு வாங்கி வூட்ல வச்சிருக்கேன். போன மாசமே வாங்கினது. அதுக்கு ஓட்டை போடணுமா வேணாமா? அதைச் சொல்லுங்க முதல்ல!”

தலைவர் இத்தனை வருடத் தோட்ட வாழ்க்கையில் இப்படி ஒரு பெரட்டைப் பார்த்ததில்லை. “என்ன கேட்கிறார்கள்?” என்று கத்தினார்.

கணேசமூர்த்தி மெல்லச் சொன்னார். “குழந்தைப் பால் டின் கெட்டுப்போகுமே என்று கேட்கிறார்கள், சார். ஏற்கெனவே வாங்கிய டின்னை என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.”

விதியை எழுதியவர்களுக்கே அந்த யோசனை தோன்றவில்லை போலும். தலைவர் கணேசமூர்த்தி பக்கம் திரும்பினார்.

“இரண்டு தாளிலும் இருப்பது ஒரே விஷயம்தானா?”

“ஒரே விஷயம்தான், சார்.”

“உங்கள் தாளுக்கு ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை?”

இங்கேதான் கணேசமூர்த்தியின் பெருமை. அவர் நினைத்திருந்தால் ஜனங்கள் படிக்காதவர்கள், பயந்தவர்கள், மருத்துவச்சி தூண்டிவிட்டாள் என்று எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். மேனேஜர் துரையும் ஆமாம் போட்டிருப்பார். கணேசமூர்த்தி கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவருடைய காதில் அந்தச் சரிங்கய்யா கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். நாலு வருடமாகத் தாம் எழுதியதற்கெல்லாம் கிடைத்த சரிங்கய்யா.

“அவர்களுக்குப் புரியவில்லை, சார்,” என்றார். “சோறு நோட்டீசும் நான் எழுதியதுதான். அதுவும் புரிந்திருக்காது.”

செவ்வாய்க்கிழமை விசாரணை கால்மணி நேரம்கூட நடக்கவில்லை. தலைவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் நியாலாஸ் போகும் பஸ்ஸிலிருந்து அங்கமுத்து இறங்கினான். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். பாக்கியலட்சுமி அவனை இறுகக் கட்டிக்கொண்டு, மூன்று மாதமாக அழாத அழுகையையெல்லாம் நடுரோட்டில் அழுது தீர்த்தாள். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு. அவள் தம்பி, அவள் எழுத்து கொண்டுவந்த தம்பி.

பால் டின் விதியில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு என்று இரண்டு வாரத்தில் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தத்தின் தமிழ் நேராகத் தோட்டங்களுக்கு வரவில்லை. ஒரு பழுப்பு உறையில் பாக்கியலட்சுமி பேருக்கு வந்தது. கூடவே கணேசமூர்த்தியின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு குறிப்பு. ‘அம்மா, தங்களுடைய மூன்று பேரிடமும் படித்துக் காட்டி, தலை ஆடாத இடங்களைக் கோடிட்டு அனுப்புங்கள்.’ பாக்கியலட்சுமி படித்துக் காட்டினாள். முத்தாயி எட்டு இடத்தில் கோடு போடவைத்தாள். கணேசமூர்த்தி எட்டையும் மாற்றினார். அடுத்த தடவை மூன்று கோடு. அதற்கடுத்த தடவை ஒன்று.

அந்த உறையை முதல்முறை டாக்டரிடம் காட்டியபோது அவர் கண் கலங்கிவிட்டார். அவருடைய நாட்டில் அவருடைய மொழி இப்போது என்ன பாடுபடுகிறதோ.

“எங்கள் ஊரில் புத்தகம் சுமந்தவனுக்குச் சிலை வைத்தார்கள்,” என்றார். “உங்களுக்கு என்ன வைக்கப்போகிறார்கள்?”

“வேலை வைப்பாங்க டாக்டர்,” என்றாள் பாக்கியலட்சுமி. “மூணாம் லயத்துல வலி எடுத்துருச்சாம், நான் கெளம்புறேன்.”

அங்கமுத்து உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய முதல் பெரட்டிலேயே ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. வேறொரு இலாகாவிலிருந்து வந்தது, கணேசமூர்த்தியின் கையும் பாக்கியலட்சுமியின் மூன்று தலையும் படாதது. கிராணி படித்தார். ‘யாதெனில்’ என்று ஆரம்பித்து ‘கடவது’ என்று முடிந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எல்லாருக்கும் வெளங்குச்சா?”

ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாக்கியலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். மார்ச் மாதம் எல்லாரையும்விடப் பலமாகச் சரிங்கய்யா போட்டவன் அதே முன்வரிசையில்தான் நின்றான். அங்கமுத்து கையைத் தூக்கினான்.

“வெளங்கலீங்கய்யா,” என்றான், அதே பலத்த குரலில். “இன்னொரு தடவ படிங்க.”

அவனுக்குப் பின்னால் இருநூறு கைகள் எழுந்தன. அத்தனை பேரையும் அனுப்ப மேட்டுக்காட்டில் இடம் கிடையாது. கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.